மறுநாளின் இரத்தம்

வாழைக்குற்றியைக் குறுக்கே வெட்டினால் வெட்டுவாயிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு வெயில் எறித்தாலும் உள்ளே விரலை விட்டால் குளிரும். வாழைக்குப் பேர்போன நீர்வேலியில் பிறந்தவர்களுக்கு இது ஒரு புதினமல்ல. ஆனால் இன்றைக்கும் தோட்டத்தில் குற்றி வெட்டும்போதெல்லாம், அதற்குள் என் மனைவியின் இரத்தத்தை வைத்து, ஒரு டொக்டரின் சைக்கிள் கரியரில் கட்டி அனுப்பிய நாட்கள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

சண்டையும் பாதைத் தடையுமாக இருந்த கஷ்டமான காலம். கரண்ட் இல்லை. சவுக்காரம் இல்லாமல் பனங்காயால் உடுப்புத் தோய்த்தோம். தண்ணீர் இறைக்கும் மெசினுக்கு மண்ணெண்ணெய் தேடி ஊர் ஊராக அலைந்தேன். இருந்தாலும் அந்த நாட்களை நினைத்தால் மனதுக்குள் ஒரு சூடு வரத்தான் செய்கிறது. அவளுக்கு அப்போது தலையில் ஒரு நரை இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு மண்வெட்டி பிடித்தவன். அதைவிடக் கூச்சக்காரன். வாழைக்குலை வாங்க வரும் வியாபாரி படலையில் மணி அடித்தால் நான் கிணற்றடிப் பக்கம் போய்விடுவேன். விலை பேசுவது அவள். எங்கள் வீட்டுக்கான பேச்சு முழுவதும் அவள் பக்கம்தான் இருந்தது. ஒருமுறை ஒரு வியாபாரி, "பிள்ளை, உம்மடை மனுசன் ஊமையோ?" என்று கேட்டார். "இல்லை அண்ணை, அவர் பேச்சை மிச்சம் பிடிக்கிறார்" என்றாள். அந்த வியாபாரி அதற்குப் பிறகு என்னைக் கண்டால், "எவ்வளவு சேந்திட்டுது?" என்று கேட்பார். நான் சிரித்துவிட்டு விலகிப் போவேன்.

தொண்ணூறுக்குப் பிந்திய ஒரு மாரியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் போர்த்துக்கொண்டு கிடந்தார்கள். எனக்கும் வந்தது. அடுத்த வளவில் இருந்த என் அக்காவுக்கும் வந்தது. ஒவ்வொருவராக எழும்பித் தோட்டத்துக்குப் போனோம். என் மனைவிக்கும் காய்ச்சல் விட்டது. ஆனால் அவள் எழும்பவில்லை.

எழும்பவில்லை என்றால், படுத்த படுக்கை என்று இல்லை. முற்றம் கூட்டத் தொடங்குவாள், பாதியில் விளக்குமாற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு நிலத்தில் குந்திவிடுவாள். தலை வாரி இழுக்கக் கை தூக்கினால் கை தானாகக் கீழே வரும். பிறகு நான்தான் பின்னால் இருந்து தலைமயிரைப் பிடித்துக்கொண்டேன். விடியப்புறம் கண் விழிக்கும்போதே, "இரா முழுக்கத் தோட்டம் கொத்தினமாதிரிக் கிடக்கு" என்பாள். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தந்தது வேறொன்று. சொற்கள் அவளிடமிருந்து நழுவின. துருவலையைக் கையால் காட்டி, "உது… உந்தத் தேங்காய்…" என்று நிற்பாள். குலைக்கு விலை பேசும்போது வியாபாரி முன்னால் பேச்சு அறுந்துபோய் நின்றாள். அவர் கேட்ட விலைக்கு நான் தலையாட்டினேன். அன்றைக்கு அவர் பகிடி ஒன்றும் விடவில்லை.

சில நாட்களில் அவள் நன்றாக இருப்பாள். அதுதான் வினை. அந்த நாட்களில் குசினி மெழுகி, உடுப்புத் தோய்த்து, முருங்கைக்காய்க் கறியும் வைப்பாள். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பாயைவிட்டு அசைய மாட்டாள்.

என் அக்கா புருசன் இல்லாதவள். எங்கள் வளவுக்கும் அவள் வளவுக்கும் நடுவில் வேலியில் ஒரு பொட்டு உண்டு. குனிந்து நுழைந்தால் நேரே எங்கள் குசினி வாசல். அந்தப் பொட்டால் பார்த்ததில் அவள் மனதில் நின்றது நல்ல நாட்கள்தான்.

"நேற்றுப் பாக்கேக்கை முத்தம் கூட்டுறாள், இண்டைக்குப் பாக்கேக்கை பாயிலை கிடக்கிறாள்" என்றாள் என்னிடம். "வருத்தமெண்டால் வருத்தமா இருக்கவேணும் தம்பி. இதென்ன, நாள் பாத்து வாற வருத்தம்? எனக்கும் ஒருத்தன் தேத்தண்ணி ஊத்தித் தந்தால் களைப்பு வரும்."

"கேக்கும் அக்கா. மெல்லமாக் கதையுங்கோ."

"கேக்கட்டுமன்."

கேட்டதுதான். உள்ளே என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

நாட்டு வைத்தியரின் கசாயம் குடித்தாள். கோவிலில் நூல் கட்டினோம். இரத்தம் குறைவென்று யாரோ சொல்ல, ஆட்டு ஈரலும் முருங்கையிலையும் கொடுத்தேன். கடைசியில் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் போனேன். இரத்தம், சலம், நெஞ்சு எல்லாம் பார்த்தார். "ஒரு குறையும் இல்லை. வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்று அவளிடம் கேட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்று தெரிந்ததும், எல்லாம் விளங்கிவிட்டதுபோலத் தலையாட்டினார்.

திரும்பி வரும்வழியில் கோப்பாய் தாண்டினோம். பிறகு பின்னாலிருந்து என் சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, நான் பொய்யாக் கிடக்கிறனோ?"

"என்ன விசர்க் கதை."

"இல்லை, எனக்கே இப்ப தெரியேல்லை. எல்லாரும் ஒண்டையே சொன்னால் அப்பிடித்தானே இருக்கும்" என்றாள். பிறகு, "மாறாட்டிலும் பறவாயில்லை. இது உடம்பிலைதான் எண்டு ஒருத்தர் சொன்னால் எனக்குக் காணும்."

நான் சைக்கிளை மிதித்தேன். சொல்லத் தெரிந்தவள் பின்னால் இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பசில் மருத்துவம் படிப்பிக்கும் ஒரு பெண் டொக்டர், புதன்கிழமைகளில் எங்கள் பக்கத்து மருந்துச்சாலைக்கு வரத் தொடங்கினார். காய்ச்சல் மாறியும் களைப்பு மாறாத ஆட்களைத் தேடுகிறாராம். அவர்களின் இரத்தத்தை எடுத்துப்போய் ஆராய்கிறாராம். இந்தச் செய்தியைக் கொண்டுவந்தது அக்காதான். மருந்துச்சாலையில் எங்கள் வீட்டையும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அவ வந்து பாத்துச் சொல்லட்டும், பொய்யோ மெய்யோ எண்டு" என்றாள்.

டொக்டர் வரும் நாளுக்கு எங்கள் வீடு ஒரு கல்யாண வீடுபோல ஆயத்தமானது. படித்த ஒரு மனுசி, அதுவும் கம்பசில் படிப்பிக்கிறவர், எங்கள் ஓலைப்படலையைத் திறந்து வரப்போகிறார். வாறவரை வெறும் வயிற்றோடு அனுப்புகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. என் மனைவி விடியவே எழும்பிக் கிணற்றடியில் தலை முழுகினாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் திரிந்தேன். "ஒரு நாள்தானே" என்றாள். புட்டு அவித்தாள். வாழைக்காயைப் பொரித்தாள். பெட்டியின் அடியில் இருந்த மஞ்சள் சேலையை எடுத்து உடுத்தாள். பொட்டும் வைத்தாள்.

டொக்டருக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைப் பருத்திச் சேலை, சைக்கிள் கூடைக்குள் ஊசியும் கண்ணாடிக் குழாய்களும். அவரை நாங்கள் கதிரையில் இருத்தி வாழையிலையில் சாப்பாடு போட்டோம். சீனி இல்லாததால் பிளேன்ரீயோடு கையில் ஒரு துண்டு பனங்கட்டி கொடுத்தோம். அவர் எங்களைப்போலவே அதைக் கடித்துக் கடித்துக் குடித்தார்.

"இப்ப களைப்பு எப்பிடிப் பிள்ளை?"

"இப்ப பறவாயில்லை டொக்டர்" என்றாள் என் மனைவி, சிரித்தபடி, இலையில் இன்னொரு கரண்டி புட்டை வைத்துக்கொண்டு.

நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பறவாயில்லை என்று சொல்லாதே என்று என் வாய் வரை வந்தது. வந்தவரிடம் சுகமில்லை என்று முறையிடுவது மரியாதையல்ல என்று பழகியவர்கள் நாங்கள். மருந்து தர வந்தவரிடமும் அதே மரியாதையைக் காட்டினோம்.

டொக்டர் இரத்தம் எடுத்தார். ஐஸ் கிடைக்காத காலம். "தம்பி, ஒரு வாழைக்குற்றி வெட்டித் தாறீரோ? எங்கடை வீட்டிலையும் வாழைதான், அது குளிர் வைச்சிருக்கும்" என்று அவரே கேட்டார். நான் குற்றியின் நடுவைக் குடைந்து கொடுத்தேன். குழாய்களை உள்ளே வைத்து, மடலால் மூடி, வாழைநாரால் கட்டினேன். அவர் போகும்போது, "ஆள் நல்லாத்தான் இருக்கிறா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனதோடு சொன்னதுதான்.

வேலிப் பொட்டில் நின்ற அக்கா, கேட்டியோ என்பதுபோல முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் என் மனைவியால் தேத்தண்ணிப் பேணியைத் தூக்க முடியவில்லை. தொண்டை வீங்கிக் குரல் அடைத்துப் போயிற்று. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதென்று சாக்கால் யன்னலை மறைக்கச் சொன்னாள். அந்தக் கிழமை முழுவதும் நான் அவளுக்குக் கஞ்சியைக் கரண்டியால் பருக்கினேன். டொக்டரைப் பற்றி அவள் ஒரே ஒருமுறைதான் கதைத்தாள்.

"அவவும் இல்லையெண்டு சொல்லிப்போட்டா, என்ன?"

மறு புதன்கிழமை நான் மருந்துச்சாலைக்குப் போனேன். உள்ளே போகக் கால் வரவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தின் கீழ் நின்றேன். ஆட்கள் எல்லாரும் போய் முடிய டொக்டர் வெளியே வந்து கண்டார்.

"புட்டுச் சாப்பிட்ட வீடெல்லோ? என்ன தம்பி?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எல்லாம் எங்கோ போய்விட்டது. "நீங்கள் வரேக்கை…" என்று தொடங்கி நின்றேன். அவர் பொறுமையாக நின்றார். சைக்கிள் மணியைப் பார்த்தபடி மிச்சத்தைச் சொன்னேன். "நீங்கள் வாறீங்கள் எண்டுதான் எழும்பினவ. நீங்கள் போனாப்பிறகு விழுந்தவ இன்னும் எழும்பேல்லை."

டொக்டர் கூடையைக் கீழே வைத்தார். "எப்ப விழுந்தவ? அண்டைக்கோ, அடுத்த நாளோ?"

"அடுத்த நாள். எப்பவும் அடுத்த நாள்தான்."

அவர், இந்த வருத்தத்தைப் பற்றி வெளிநாட்டில் தேடுகிறவர்களும் இதைத்தான் எழுதுகிறார்கள் என்றார். வேலை செய்யும்போது விழமாட்டார்களாம். செய்த மறுநாள்தான் உடம்பு இடிந்து விழுமாம். நல்ல நாள் இரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். "எனக்கு அந்த மறுநாள் இரத்தம்தான் வேணும் தம்பி. ஆனால் நான் வாறன் எண்டால் அவ திரும்பவும் மஞ்சள் சேலை உடுப்பா."

"ஓம்."

"அப்ப சொல்லாமல் வாறன். ஆள் எப்பிடியும் எழும்பி நிக்கிற நாள் ஒண்டு சொல்லும்."

எங்கள் அப்புவின் ஆண்டுத் திவசம் வந்துகொண்டிருந்தது. நான் மகன் என்பதால் அது எங்கள் வீட்டில்தான் நடக்கும். ஐயர் வருவார், இனசனம் வரும். நான் எவ்வளவு மறித்தாலும் அவள் அடுப்படியில் நிற்பாள். அந்த நாளைச் சொன்னேன். அதற்கு அடுத்த நாள் வருவதாக டொக்டர் சொன்னார்.

திவசத்தன்று அவள் நின்றாள். அக்காவும் கூட நின்று மரக்கறி வெட்டினாள். சாப்பிட்டுப் போனவர்கள் எல்லாம், "பிள்ளைக்கு இப்ப சுகம்போல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் டொக்டர் படலையைத் திறந்தபோது முற்றத்தில் சாம்பலும் எச்சில் இலையும் கிடந்தன. கழுவாத பாத்திரங்களில் காகம் இருந்தது. நான் தேய்க்கத் தொடங்கிய அண்டா பாதியில் கிடந்தது. உள்ளே இருட்டில், பழைய சேலையோடு, தலை இழுக்காமல் என் மனைவி பாயில் கிடந்தாள். டொக்டரைக் கண்டதும் கையை ஊன்றினாள். முடியவில்லை. என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"நான்தான் சொல்லவேண்டாம் எண்டனான்" என்றார் டொக்டர். கதிரையைத் தள்ளிவிட்டு நிலத்தில், பாய்க்குப் பக்கத்தில் இருந்தார். "எழும்பாதேயும் பிள்ளை. உம்மை இப்பிடிப் பாக்கத்தான் வந்தனான்."

அந்த நேரம் பார்த்து அக்கா, திவசத்துச் சமையலுக்கு நாங்கள் இரவல் வாங்கிய கிடாரத்தை எடுத்துப்போகப் பொட்டால் நுழைந்தாள். டொக்டர் அவளைக் கூப்பிட்டார். "இவவை எழுப்பி நிப்பாட்டவேணும். நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கோ. விரலை மணிக்கட்டிலை வையுங்கோ, இஞ்சை. நாடி தெரியுதோ?"

"தெரியுது" என்றாள் அக்கா. கிடாரத்தை மற்றக் கையில் பிடித்திருந்தாள்.

"இப்ப மெல்ல எழுப்புவம்."

இரண்டு பேருமாகத் தூக்கி நிறுத்தினார்கள். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். முதலில் அவள் விரலை எடுத்து மீண்டும் வைத்தாள், பிழையான இடத்தில் வைத்துவிட்டதுபோல. பிறகு கிடாரத்தைக் கீழே வைத்தாள்.

"சும்மா நிக்கிறாள்" என்றாள் மெதுவாக. "ஓடினமாதிரி அடிக்குது."

"ஓம். நிக்கிறதே இவவுக்கு ஓட்டம்தான்" என்றார் டொக்டர். "படுக்க விடுங்கோ."

இரத்தம் எடுப்பது அன்று கஷ்டமாக இருந்தது. நரம்பு அகப்படவில்லை. அக்காதான் கையைப் பிடித்துச் சூடு வரத் தேய்த்துக் கொடுத்தாள். எல்லாம் முடிந்த பிறகு என் மனைவி கண்ணை மூடியபடி கேட்டாள்.

"டொக்டர், இது எனக்கு மனசிலையோ?"

"என்ன வருத்தம் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. உலகத்திலை ஒருத்தருக்கும் இன்னும் சரியாத் தெரியாது. மருந்தும் இல்லை. ஆனால் இது உடம்பிலைதான். அதை நான் இப்ப கண்ணாலை பாத்தனான்."

டொக்டர் இருக்கும்போதே அவள், முகத்தைத் திருப்பாமல், எல்லார் முன்னாலும் நித்திரையாகிவிட்டாள். நான் குற்றி வெட்டப் போனேன். திரும்பி வரும்போது அக்கா எங்கள் அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு டொக்டர் இடைக்கிடை வந்தார். எப்போதும் சொல்லாமல்தான் வருவார். இரத்தத்தைத் தெளியவைத்து, கம்பசில் ஜெனரேற்றரில் ஓடும் ஒரு குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பதாகவும், பாதை திறந்தால் கொழும்புக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார். எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லித் தருவார். காய்ச்சல் கிருமி எங்கோ ஒளிந்திருக்கிறதென்று சிலர் நினைக்கிறார்களாம். வேறு சிலர், கிருமி எப்போதோ போய்விட்டது, அதோடு சண்டை பிடிக்கப் போன உடம்பின் காவல்காரர்தான் சண்டை முடிந்தது தெரியாமல் இன்னும் நிற்கிறார்கள் என்கிறார்களாம்.

"அப்ப எனக்கு உள்ளுக்கையும் ஊரடங்கோ" என்றாள் என் மனைவி. டொக்டருக்குச் சிரித்துப் புரைக்கேறியது. அவள் பகிடி விட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வருத்தம் மாறவில்லை. ஆனால் வீடு மாறியது. ஆட்கள் வந்தால் அவள் எழும்புவதை விட்டாள். படுத்தபடியே, "இருங்கோ, குறை நினையாதேங்கோ, எனக்கு எழும்பேலாது" என்று சொல்லிக் கதைப்பாள். முதலில் வந்தவர்கள் கூச்சப்பட்டார்கள். பிறகு அவர்களும் பாயோரம் நிலத்தில் இருக்கப் பழகினார்கள். வியாபாரியும் யன்னலுக்கு வெளியே நின்று அவளோடு விலை பேசினார். அவளுக்குச் சொல் வராத இடத்தில் நான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பேன். "சேத்து வைச்சதெல்லாம் இப்பதான் செலவழியுது" என்றார் அவர். யாராவது புதிதாக வந்து முகம் சுளித்தால் பொட்டடியிலிருந்து அக்காவின் குரல் வரும்: "அது உடம்பிலை. நான் பிடிச்சுப் பாத்தனான்."

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்க, ஊரோடு நாங்களும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து போனோம். அதற்கு முன் வந்த கோடையில் ஒரு பகல், டொக்டர் கடைசியாக வந்தார். கூடை வெறுமையாக இல்லை என்றாலும் நடை வெறுமையாக இருந்தது. பாய்க்குப் பக்கத்தில் இருந்து, கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் பழுதாப் போச்சு பிள்ளை. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. குளிர்ப்பெட்டி நிண்டு போச்சு. உம்மடை இரத்தம், மற்ற ஆக்களின்ரை, எல்லாம்."

நான் தூணோடு நின்றேன். என் மனைவி முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள்.

"அப்ப நீங்கள் அண்டைக்குச் சொன்னதும் பழுதாப் போச்சோ டொக்டர்?"

"எது?"

"உடம்பிலை எண்டது."

"அது பழுதாகாது" என்றார் டொக்டர்.

அவள் எழும்பவில்லை. பாயிலிருந்தபடியே சேலையை ஒதுக்கி, இடக்கையை அவர் மடிப்பக்கமாக நீட்டினாள்.

"அப்ப திருப்பி எடுங்கோ. நேற்று நான் பத்தியக்கறி வைச்சனான். இண்டைக்கு எனக்கு மறுநாள்தான்."

டொக்டர் அந்தக் கையை உடனே தொடவில்லை. பிறகு கூடையை அருகில் இழுத்தார். குசினிக்குள் அக்கா பனங்கட்டி உடைக்கும் சத்தம் கேட்டது. நான் கத்தியை எடுத்துக்கொண்டு, நல்ல தடித்த குற்றியாகப் பார்த்து வெட்டத் தோட்டத்துக்குள் இறங்கினேன்.